பெர்லினில் வேலைநாள், மியூனிக்கில் விடுமுறை: மே 27 வியாழன் பயணத்துக்கு என்ன தயார் செய்வது?

கேள்வி: தென்றல்வழி

வணக்கம். 2027 மே கடைசி வாரம் ஐந்து பேர் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போகிறோம். நான், மனைவி, அப்பா (சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை உண்டு), எட்டு வயது மகள், பத்து மாதக் கைக்குழந்தை.

மே 24 திங்கள் முதல் 26 புதன் வரை பெர்லின். 27 வியாழன் ரயிலில் மியூனிக், அங்கே சமையலறையுடன் கூடிய அபார்ட்மென்ட். 28 வெள்ளி ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க் போய்விட்டு இரவே திரும்புவது. 29 சனி லூசர்ன். 31 திங்கள் சூரிச்சிலிருந்து விமானம்.

மியூனிக் அபார்ட்மென்ட் உரிமையாளர், "வியாழன் பொது விடுமுறை, கடை எதுவும் திறந்திருக்காது" என்று எழுதியிருக்கிறார். பெர்லினில் வேலை பார்க்கும் நண்பரோ அப்படி ஒரு விடுமுறையே இல்லை, அன்று ஆபீஸ் உண்டு என்கிறார். போன் காலண்டர் "வட்டார விடுமுறை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. யார் சொல்வது சரி? குழந்தைக்குப் பால் பவுடர், அப்பாவின் மருந்து, அன்றிரவு சாப்பாடு, இதற்கெல்லாம் என்ன வழி? வியாழன் ரயில் கூட்டமாக இருக்குமென்றால் புதன் மாலையே கிளம்பிவிடலாமா? சுவிட்சர்லாந்திலும் இதே கதைதானா?

பதில் 1: பதினாறுமாநிலம்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஜெர்மனியில் ஒன்றிய அளவில் சட்டமாக்கப்பட்ட விடுமுறை அக்டோபர் 3 ஒன்றே. மற்றதெல்லாம் மாநிலச் சட்டம். 16 மாநிலங்களும் பொதுவாக வைத்திருப்பவை 9 நாட்கள்: ஜனவரி 1, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, விண்ணேற்ற வியாழன், பெந்தகோஸ்து திங்கள், அக்டோபர் 3, டிசம்பர் 25, 26. இதற்கு மேல் இருப்பவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

நீங்கள் கேட்கும் மே 27, கத்தோலிக்கர்களின் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா. அங்கே ஃப்ரோன்லைஷ்னாம் என்பார்கள். ஈஸ்டரிலிருந்து 60 நாள் தள்ளி வரும், எப்போதும் வியாழன்தான். 2027 ஈஸ்டர் மார்ச் 28, ஆகவே இது மே 27. பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க், ஹெஸ்ஸன், நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா, ரைன்லாந்து-பலட்டினேட், சார்லாந்து ஆகிய ஆறு மாநிலங்களில் முழு விடுமுறை. சாக்ஸனியிலும் துரிங்கியாவிலும் கத்தோலிக்கர் அதிகமாக வாழும் சில ஊர்களில் மட்டும் உண்டு. பெர்லின், ஹாம்பர்க், வடக்கு மாநிலங்கள் எதிலும் கிடையாது. அதாவது நீங்கள் வேலைநாளில் ரயில் ஏறி விடுமுறை நாளில் இறங்குகிறீர்கள்.

காலண்டர் குழப்புவதற்கும் காரணம் இதுதான். ஜெர்மனி என்று ஒரே பட்டியலைச் சேர்த்தால் எல்லா மாநில விடுமுறையும் ஒன்றாக வந்து விழும். இரவு தங்கும் ஊர், அது எந்த மாநிலம், அந்த மாநிலத்தின் அந்த ஆண்டுப் பட்டியல் என்று ஊர் ஊராகப் பாருங்கள். பவேரியாவில் ஒரு படி இன்னும் கீழே இறங்க வேண்டும். ஆகஸ்ட் 15 அங்கே கத்தோலிக்கர் பெரும்பான்மையாக உள்ள ஊர்களில் மட்டுமே விடுமுறை. மியூனிக்கில் உண்டு, நியூரம்பெர்க்கில் இல்லை. ஆகஸ்ட் 8 அவுக்ஸ்பர்க் நகருக்கு மட்டும் உரிய விடுமுறை. நகர எல்லையைத் தாண்டினால் கடை திறந்திருக்கும்.

இன்னொன்று. விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஜெர்மனியில் திங்கட்கிழமை ஈடு கொடுப்பதில்லை. பிரிட்டன் பழக்கத்தை நினைத்துக்கொண்டு திங்களும் மூடியிருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

பதில் 2: அடுப்பங்கரை

சாப்பாடு, மருந்து பற்றி மட்டும் சொல்கிறேன்.

வியாழன் அன்று மியூனிக்கில் சூப்பர் மார்க்கெட், சோப்பு, குழந்தைப் பொருள் விற்கும் டிஎம், ராஸ்மன் போன்ற கடைகள், துணிக்கடை எல்லாமே மூடியிருக்கும். நடுவில் இருக்கும் விக்டுவாலியன்மார்க்ட் சந்தைக் கடைகளும் அப்படியே. திறந்திருப்பவை: ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் உள்ள கடைகள், பெட்ரோல் பங்க், சில மணி நேரத்துக்குச் சில பேக்கரிகள், ஆளில்லாமல் கார்டு வைத்துத் திறந்து வாங்கும் சில சிறு கடைகள். உணவகங்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். ஆனால் ஊர் மொத்தமும் குடும்பத்தோடு வெளியே வந்து சாப்பிடும் நாள் அது. ஐந்து பேருக்கு, அதுவும் குழந்தை வண்டியோடு, இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உங்களுக்குச் சாதகம் என்னவென்றால் பெர்லினில் வியாழன் காலையும் கடை உண்டு. புதன் இரவு எட்டு மணிக்குள் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரமும் இல்லை. அந்த எட்டு மணிக் கெடு பவேரியாவுக்குத்தான். பெர்லின் சட்டம் திங்கள் முதல் சனி வரை நேரக் கட்டுப்பாடு வைக்கவில்லை.

வெள்ளி காலை ஏழு மணி வாக்கில் மியூனிக் கடைகள் வழக்கம்போலத் திறந்துவிடும். ஆகவே வேண்டியது ஓர் இரவுச் சாப்பாடும் ஒரு காலை உணவும்தான். ஒரு வாரத்துக்குச் சுமக்காதீர்கள். ஐந்து பேருக்கு ஒரு லிட்டர் பால் (குளிர்பெட்டி தேவைப்படாத நீண்டநாள் பால் பாக்கெட் என்றால் ரயிலில் கவலையில்லை), அரை கிலோ அரிசி அல்லது பாஸ்தா, 500 கிராம் தயிர், ஆறு முட்டை, ஒரு ரொட்டி, இரண்டு தக்காளி, ஒரு வெங்காயம் போதும். அபார்ட்மென்டில் உப்பு, எண்ணெய் இருக்கிறதா என்று உரிமையாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: அரிசி இருக்கும், சமைக்க எண்ணெய் இருக்காது.

குழந்தைக்கு மட்டும் கணக்கு வேறு. பால் பவுடர் திறக்காத டப்பா ஒன்று, நாப்கின் இரண்டு நாளுக்கு, அதாவது பதினான்கு பதினைந்து, பெர்லினிலேயே வாங்கிக் கையில் வைத்திருங்கள். குழந்தை இப்போது குடிக்கும் அதே பிராண்டு ஜெர்மனியில் கிடைக்காமல் போகலாம். விடுமுறை நாளில் கடைசி நேரத்தில் வேறு பவுடருக்கு மாற்றும் நிலை வரக்கூடாது.

மருந்து: ஜெர்மனியில் பாரசிட்டமால்கூட மருந்துக்கடையில்தான் விற்பார்கள், சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. விடுமுறை நாளில் ஒவ்வொரு பகுதியிலும் முறை வைத்து ஓரிரு மருந்துக்கடைகள் திறந்திருக்கும். மூடிய எந்த மருந்துக்கடையின் கதவிலும் அன்று யாருக்கு முறை என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். முறையில் உள்ள கடையிலும் கதவைத் திறக்க மாட்டார்கள். மணியை அழுத்தினால் சின்ன ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள். அதற்கு 2.50 யூரோ கூடுதல் கட்டணம். செல்பேசியில் 22833 அழைத்தும் அருகில் உள்ளதைத் தெரிந்துகொள்ளலாம். அவசரமில்லாத உடல்நலக் குறைவுக்கு மருத்துவர் வேண்டுமென்றால் 116117. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

ஆனால் அப்பாவின் மாத்திரைக்கு இந்த வழியை நம்பாதீர்கள். இந்திய மருத்துவரின் சீட்டை அங்கே ஏற்க மாட்டார்கள், ஜெர்மனியில் ஒரு மருத்துவரைப் பார்த்துப் புதுச் சீட்டு வாங்க வேண்டும். பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, இரண்டு பையில் பிரித்து எடுத்து வாருங்கள். மருந்தின் மூலப்பெயரோடு (ஜெனரிக் பெயர்) மருத்துவர் கடிதம் ஒன்றும் இருக்கட்டும்.

பதில் 3: தண்டவாளம்

புதன் மாலைக்கு மாற்ற வேண்டாம். விடுமுறைக்கு முந்தின நாள் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து இரவு ஏழு மணி வரைதான் ரயிலில் மோசமான நேரம். வேலையை முடித்துக்கொண்டு நான்கு நாள் விடுப்புக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் அப்போதுதான் ஏறுவார்கள். வியாழன் முற்பகலில் நடுவில் ஒரு வண்டி எடுங்கள். பெர்லினிலிருந்து மியூனிக்குக்கு ஐசிஇ வேக வண்டி நான்கு மணி நேரம். நின்று நின்று போவது நாலரை மணி நேரத்துக்கு மேல்.

ஒன்றை மறக்கக்கூடாது. ஜெர்மன் ரயிலில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் வாங்கினால் இருக்கை வாங்கியதாக ஆகாது. இருக்கை முன்பதிவு தனி, அதற்குத் தனிக் கட்டணம். முன்பெல்லாம் குடும்பத்துக்கு ஒரே கட்டணத்தில் முன்பதிவு இருந்தது, 2025 ஜூனில் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஆளுக்கு ஒன்று போட வேண்டும். இது போன்ற நாளில் முன்பதிவு இல்லாமல் குழந்தையோடு ஏறினால் வாசல் பக்கம் நின்றுகொண்டு வர வேண்டியதுதான். மகளுக்கு டிக்கெட் இலவசம், ஆனால் பதிவு செய்யும்போது அவளையும் பயணிகள் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். இருக்கை நான்கு எடுங்கள், நடுவில் மேசை உள்ள இடமாக.

குறைந்த விலை டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். போய்ச் சேர 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டு நீங்கிவிடும், வேறு வண்டியில் போகலாம். இருக்கை முன்பதிவு மட்டும் புது வண்டிக்குத் தானாக மாறாது.

வெள்ளிக்கிழமையில் ஒரு பொறி இருக்கிறது. சால்ஸ்பர்க் போக எல்லோரும் வாங்குவது பயர்ன் டிக்கெட் என்ற பவேரிய ஒருநாள் டிக்கெட். ஐந்து பேர் வரை ஒன்றாகப் போகலாம், சால்ஸ்பர்க் முதன்மை நிலையம் வரை செல்லும். சனி, ஞாயிறு, பவேரியா முழுவதுக்குமான விடுமுறை நாட்களில் நள்ளிரவு 12 மணியிலிருந்தே செல்லும். வேலைநாளில் காலை 9 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 3 மணி வரை. மே 28 வெள்ளி, விடுமுறைக்கும் வார இறுதிக்கும் நடுவில் பாலம் போல இருப்பதால் ஆளுக்கு ஆள் விடுப்பு எடுத்திருப்பார்கள், தெரு ஞாயிறு மாதிரி இருக்கும். சட்டப்படி அது வேலைநாள். 8.55க்குக் கிளம்பும் வண்டியில் இந்த டிக்கெட்டோடு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம் என்றுதான் கணக்கு, 60 யூரோவுக்குக் குறையாமல் அபராதம். வட்டார ரயில்களில் மட்டும் ஏறுங்கள். ஐசிஇ, ரெயில்ஜெட், யூரோசிட்டி என்ற விரைவு வண்டிகள் எதற்கும் இது செல்லாது.

எல்லை தாண்டுவதால் ஐந்து பேருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது எல்லையோர ஊரான ஃப்ரைலாசிங் பக்கம் போலீஸ் ஏறிப் பார்ப்பது உண்டு. படம் எடுத்து போனில் வைத்திருப்பது போதாது.

நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் பார்க்கும்போது: வியாழன் அன்று மியூனிக் டிராம், பஸ் எல்லாம் ஞாயிறு அட்டவணைப்படி ஓடும். வியாழன் என்று பார்த்து திங்கள்–வெள்ளி பத்தியைப் படித்தால் வராத பஸ்ஸுக்கு நிற்பீர்கள். வெர்க்டாக்ஸ் (வேலைநாட்களில்) என்று எழுதியிருந்தால் அதில் சனிக்கிழமையும் அடக்கம். கார் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பார்க்கிங், வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் வெர்க்டாக்ஸ் என்றிருந்தால் விடுமுறை நாளில் அது பொருந்தாது, திங்கள்–வெள்ளி என்று கிழமை போட்டிருந்தால் விடுமுறையிலும் பொருந்தும்.

பதில் 4: எல்லைக்கோடு

தண்டவாளம் சொன்னதோடு இன்னும் கொஞ்சம்.

சிலர் இங்கே வந்து, "மியூனிக்கில் கடை இல்லையென்றால் வியாழனே சால்ஸ்பர்க் போய்விடு" என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆஸ்திரியாவில் அதே நாள் நாடு முழுவதும் விடுமுறை. வெள்ளிதான் சரி. ஆனால் அங்கேயும் வெள்ளியன்று பல பள்ளிகள் லீவு விட்டுவிடும், சால்ஸ்பர்க் கோட்டை ரயிலுக்கு வரிசை நீளமாக இருக்கும். பவேரியாவிலும் பெந்தகோஸ்துக்குப் பிறகு இரண்டு வாரம் பள்ளி விடுமுறை, அது முடியும் வாரக் கடைசியில்தான் நீங்கள் சனியன்று மியூனிக்கிலிருந்து சூரிச் பக்கம் போகிறீர்கள். அந்த வண்டிக்கும் இருக்கை போட்டுவிடுங்கள். பொது விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுப் பள்ளி விடுமுறையை விட்டுவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. கடையை மூடுவது முதலாவது, வண்டியை நிரப்புவது இரண்டாவது.

சுவிட்சர்லாந்தில் ஒன்றிய விடுமுறை ஆகஸ்ட் 1 ஒன்றுதான், மற்றதெல்லாம் கான்டன் (அங்கே மாநிலத்துக்குப் பெயர்) கையில். மே 27 லூசர்ன், ஊரி, ஷ்வீஸ், சுக் போன்ற கத்தோலிக்க கான்டன்களில் விடுமுறை. சூரிச்சில் வேலைநாள். சூரிச்சிலிருந்து லூசர்ன் ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை, ஆனால் அன்று ஒன்றில் கடை உண்டு, மற்றதில் இல்லை. நீங்கள் போய்ச் சேரும் சனி அந்தத் தொல்லை முடிந்திருக்கும்.

உங்களுக்கு அங்கே தொல்லை தரப்போவது சனி மாலையே. லூசர்ன் கடைகள் சனிக்கிழமை மாலை சீக்கிரமே மூடிவிடும், நான்கு ஐந்து மணிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மியூனிக்கில் காலை வண்டி பிடித்தால் சூரிச் வழியாகப் பிற்பகலில் சேரலாம். மதிய வண்டி என்றால் கடை மூடிய பிறகுதான் போவீர்கள். அப்படி ஆனாலும் பயப்பட வேண்டாம்: லூசர்ன் ரயில் நிலையத்துக்குள்ளும் சூரிச் முதன்மை நிலையத்தின் கீழ்த்தளத்திலும் உள்ள கடைகள் ஞாயிறும் விடுமுறையும் திறந்திருக்கும். ஞாயிறு மதியம் அங்கே கூட்டம் தாங்காது, காலையில் போய்விடுங்கள்.

தென்றல்வழி

எல்லோருக்கும் நன்றி. வியாழன் பிற்பகல் மியூனிக்கில் இறங்கியதும் சும்மா அறையில் உட்கார வேண்டுமா? எதுவும் பார்க்க முடியாதா? சாவி வாங்குவதிலும் சிக்கல் வருமா? அப்புறம், அக்டோபர் கடைசியில் தம்பி ஃபிராங்க்ஃபர்ட் போகிறான், அவனுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

பதில் 5: பதினாறுமாநிலம்

பார்க்க நிறைய இருக்கிறது. விடுமுறை என்றால் கடைக்குத்தான் பூட்டு, அருங்காட்சியகத்துக்கும் அரண்மனைக்கும் அல்ல. நிம்ஃபன்பர்க் அரண்மனை, ஆங்கிலத் தோட்டம் இரண்டும் குழந்தை வண்டிக்கு ஏற்றவை. காலையில் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தில் திருப்பலியும் அதைத் தொடர்ந்து தெருவில் பவனியும் நடக்கும், பாதிரியார்கள், சங்கக் கொடிகள், உள்ளூர் மரபு உடையில் மக்கள் என்று பெரிய கூட்டம். பார்க்க ஆசை என்றால் காலை வேண்டும், நீங்கள் வரும் நேரத்தில் முடிந்திருக்கும். மழை பெய்தால் பவனி இருக்காது.

சாவி: உரிமையாளர் நேரில் வந்து தருவதாக இருந்தால் வரும் நேரத்தை ரயில் எண்ணோடு எழுதிக் கொடுங்கள், வண்டி தாமதமானால் அவரே பார்த்துத் தெரிந்துகொள்வார். ஏதாவது கடையில் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னால் அந்தக் கடை அன்று திறந்திருக்குமா என்று கேளுங்கள். எண் பூட்டுப் பெட்டி என்றால் தொல்லையில்லை. வாடகைக் கார் எடுப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும், நகருக்குள் இருக்கும் கிளைகள் விடுமுறையில் பெரும்பாலும் மூடியிருக்கும்.

தம்பிக்கு: அக்டோபர் 31 சீர்திருத்த நாள், வடக்கிலும் கிழக்கிலும் ஒன்பது மாநிலங்களில் விடுமுறை. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாள், தெற்கிலும் மேற்கிலும் ஐந்து மாநிலங்களில். இரண்டுமே இல்லாதவை பெர்லினும் ஹெஸ்ஸனும். ஃபிராங்க்ஃபர்ட் ஹெஸ்ஸனில் இருக்கிறது, ஆகவே அங்கே 2027 நவம்பர் 1 திங்கள் வழக்கமான வேலைநாள். ஆனால் பக்கத்து மாநில மக்களுக்கு அது லீவு, ரைன் ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள மைன்ட்ஸ் நகரத்தில் கடை மூடியிருப்பதால் ஆற்றைக் கடந்து ஹெஸ்ஸனில் இருக்கும் வீஸ்பாடனுக்குக் கடைக்கு வருவார்கள். பெரிய கடைத்தெருவுக்குத் தம்பி போவதாக இருந்தால் காலையிலேயே போகட்டும். அன்று மைன்ட்ஸுக்கோ ஹைடல்பெர்க்குக்கோ போய் எதுவும் வாங்கலாம் என்று வைத்திருந்தால் முந்தின சனிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஞாயிறும் கடை கிடையாது.

பதில் 6: தண்டவாளம்

பயர்ன் டிக்கெட்டில் பெயர் எழுதும் இடம் இருக்கும். மூன்று பெரியவர்களுக்கென்று வாங்கி, மூவர் பெயரையும் ஏறுவதற்கு முன்பே பேனாவால் எழுதிவிடுங்கள். மகளும் குழந்தையும் அதில் இலவசமாக வரலாம். அதே டிக்கெட் வெள்ளியன்று 9 மணிக்கு மேல் மியூனிக் நகர ரயில், டிராம், பஸ்ஸுக்கும் செல்லும் என்பதால் அபார்ட்மென்டிலிருந்து நிலையம் போகத் தனியாக வாங்க வேண்டாம். சால்ஸ்பர்க் நகரப் பேருந்துக்கு மட்டும் இறங்கியதும் வேறு டிக்கெட்.